“யாருன்னு தெரியுதா அத்தே?”

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், விரல் வைத்துக் காசு எடுப்பது, வெளியூருக்குப் பணம் போட்டுவிடுவது. என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘ஜெராக்ஸ் அக்கா’ என்றால் வழி காட்டுவார்கள். உரிமைத்தொகை ஏறும் நாள்களில் பணம் வந்ததா என்று பார்க்கவே காலையில் வரிசை நிற்கும். முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் காசு எல்லாம் இங்கேதான்.

இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஊரில் இப்போது என்ன ஏமாற்று நடப்பில் இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். ஏமாந்தவர்களும் இங்கேதான் வருகிறார்கள், ஏமாறப் போகிறவர்களும் இங்கேதான் வருகிறார்கள்.

“பேங்க் மேனேஜர் பேசுறான், ஏடிஎம் கார்டு மேல நம்பர் சொல்லுங்கோ” என்று அரைகுறைத் தமிழில் வந்த அழைப்புகள் நினைவிருக்கும். அதெல்லாம் இன்று எங்கள் பக்கம் நகைச்சுவை ஆகிவிட்டது. மாடு மேய்க்கும் தாத்தாகூட “கார்டு நம்பர் வேணுமா, கொஞ்சம் இரு, எருமையைக் கேட்டுச் சொல்றேன்” என்கிறார். ஆனால் அண்ணன் மகன், மச்சான், அப்பாவின் சிநேகிதர் என்று வரும் அழைப்பில் இன்னும் விழுகிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். பேங்க் மேனேஜரிடம் “நீ யாருடா” என்று கேட்கலாம். அண்ணன் மகனிடம் கேட்க முடியுமா? கேட்டால் அடுத்த காதுகுத்துக்கு அதுதான் பேச்சு. “அத்தைக்கு என் குரலே மறந்துபோச்சு, வசதி வந்துட்டுதுல்ல” என்பார்கள்.

இந்தக் கூச்சத்தை வைத்துத்தான் முழுத் தொழிலும் நடக்கிறது. அழைக்கிறவனுக்கு நம் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“யாருன்னு தெரியுதா அத்தே?”

“தெரியலியேப்பா.”

“என்னா அத்தே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

“அண்ணன் வீட்டுலேருந்தா? பெரியவனா சின்னவனா?”

“சின்னவன்தான் அத்தே. சளி புடிச்சிருக்கு, அதான் குரல் ஒரு மாதிரி.”

அவ்வளவுதான். உறவு, வயது, எந்த வீடு, எல்லாவற்றையும் நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோம். அதற்கு மேல் அவன் அழுதால் போதும்.

ஒரு பெரியம்மா இப்படித்தான் காதில் போனும் கையில் மஞ்சள் பையுமாகக் கடைக்குள் வந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம் செய்தவர். 2018-இல் கஜா புயல் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிற வீடு அது. பதினைந்தாயிரம் போட்டுவிட வேண்டும், சீக்கிரம் என்கிறார். கணக்கு எண் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. யாருக்கு என்று கேட்டேன். தம்பியின் சின்ன மகனாம், ‘சின்னவன்’. சென்னையில் தன்னோடு வேலை பார்ப்பவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விழுந்துவிட்டானாம், ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் உள்ளே சேர்க்க மாட்டேன் என்கிறார்களாம்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களாம்மா?”

“ஐயோ, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவருக்கு பிபி ஏறிடும்னு அழுவுறான்.”

இந்த ஒரு வரியைத்தான் கவனிக்கச் சொல்வேன். அப்பாவிடம் சொல்லாதே, அம்மாவிடம் சொல்லாதே, மாமாவுக்குத் தெரிய வேண்டாம். நான் பார்த்த அழைப்புகளில் இது இல்லாத அழைப்பு அபூர்வம். அதிலும் அத்தையிடம் இது சரியாக எடுபடும். அப்பாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் கை நீட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்வதுதானே. வண்டி பெட்ரோலில் ஆரம்பித்துக் காதல் கல்யாணம் வரை அத்தை வழியாகத்தான் அப்பா காதுக்குப் போகும். ரகசியம் காப்பதில் அத்தைக்கு ஒரு பெருமை வேறு.

போனை வைத்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். வைக்கக் கூடாது என்று அவன் சொல்லியிருக்கிறான். அது இரண்டாவது அடையாளம். லைனிலேயே இருக்கச் சொல்வார்கள், நமக்கு யோசிக்க இரண்டு நிமிஷம் கிடைத்துவிடக் கூடாது என்று. “எங்க குடும்ப விஷயத்துல நீ என்னா குறுக்கே வர்றே” என்று பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். பணம் அவருடையது, மருமகன் அவருடையவன். நான் ஜெராக்ஸ் கடைக்காரி.

அப்போதுதான் நெட் சென்டர் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும் ஆயுதத்தை எடுத்தேன். சர்வர் டவுன் என்றேன்.

உண்மையில் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே அனுப்புவதாக இருந்தாலும் எங்களைப் போன்ற கடைகளில் ரொக்கமாகக் கட்டினால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 25,000 ரூபாய், அவ்வளவுதான். 2024 நவம்பரிலிருந்து அனுப்புகிறவரின் அடையாள அட்டையும் அவர் போனுக்கு வரும் ஓடிபியும் கட்டாயம். அவசரத்துக்கு வருகிறவர்கள் இதற்காக ரிசர்வ் வங்கியை விட்டுவிட்டு என்னைத் திட்டுவார்கள். ஆனால் அந்தத் தாமதத்துக்குள் எத்தனையோ பேருக்குப் புத்தி திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஜீபேயில் அந்தத் தாமதம் கிடையாது. விரலை வைத்து அழுத்தினால் போய்விட்டது.

சர்வர் வரும்வரை உட்காருங்கள் என்று ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தம்பி நம்பரைக் கேட்டேன். மனப்பாடமாகத் தெரியாது. போனில் இருக்கிறது, போன் காதில் இருக்கிறது. நல்லவேளையாகப் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த பேராவூரணிக்காரர் ஒருவருக்கு அந்தத் தம்பியைத் தெரிந்திருந்தது. அவர் போட்டார். எடுத்தது சின்னவனேதான். வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தானாம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெரியம்மா ஒரு காதில் அழுகிற சின்னவன், இன்னொரு காதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சின்னவன் என்று இரண்டு போனையும் பிடித்துக்கொண்டு, எவன் பொய் என்று தெரியாமல் நிற்கிறார். அழுகிறவன் மேல்தான் முதலில் நம்பிக்கை. தண்ணீர் காட்டுகிறவன் கூட்டாளியாக இருப்பானோ என்று என்னையும் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் நிஜச் சின்னவன் கத்தினான்: “அத்தே, நாடியம்மன் திருவிழாவுக்கு வந்தப்ப அதிரசம் குடுத்தீங்களே, அது கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன்ல, நான்தான் அத்தே!” பெரியம்மாவின் முகம் மாறியது. அழுகிறவனின் போனை வைத்தார். அதன் பிறகு அவர் சொன்னது அச்சில் ஏற்றத் தக்கதல்ல. போகும்போது என்னிடம், “அப்ப சர்வர் இல்லேன்னு சொன்னது பொய்யா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஜப்பானில் இந்த மோசடி இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. வயதானவர்களை அழைத்து “நான்தான், நான்தான்” என்று ஆரம்பிப்பார்களாம், பாட்டியே பேரன் பெயரைச் சொல்லிவிடுவாராம். நம் ஊர் “யாருன்னு தெரியுதா” அதேதான். ஜெர்மனியில் இதற்குப் ‘பேரன் தந்திரம்’ என்றே பெயர். ஆக, பெரியவர்களின் பாசத்தை வைத்துப் பிழைப்பது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை இல்லை. ஜப்பானில் சில வங்கிகள், பல ஆண்டுகள் ஏடிஎம் வழியாகப் பணமே அனுப்பாத முதியவர்களுக்கு அந்த வசதியை அடைத்தே வைத்துவிட்டன. பெரிய தொகையோடு பதற்றமாக வரும் முதியவரைத் தடுத்து விசாரிக்கும் கடை ஊழியர்களுக்குப் போலீஸே நன்றிப் பத்திரம் கொடுக்கிறதாம். படித்ததும் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். “உனக்குக் கிடைச்ச பத்திரத்தைத்தான் அந்தம்மா வாயாலேயே குடுத்துட்டுப் போச்சே” என்றார்.

பெரியவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், நன்றாகப் படித்தவள், ஜீபே இல்லாமல் பூகூட வாங்க மாட்டாள். அவளுக்கு வந்த அழைப்பு வேறு தினுசு. “அம்மாடி, நான் அப்பாவோட சிநேகிதன் பேசுறேன். அப்பாவுக்கு 12,000 தரணும். அவருக்குத்தான் இந்த ஜீபே எல்லாம் ஓடாதே, உன் நம்பருக்குப் போடச் சொன்னாரு.” குரலில் அத்தனை மரியாதை. மாமா என்று கூப்பிட வைத்துவிடும் குரல். பணம் ஏறியதாக முதலில் 10,000 என்று ஒரு மெசேஜ். அடுத்து இன்னொன்று, 20,000 என்று. உடனே பதறிக்கொண்டு மறுபடி அழைப்பு: “கண்ணு, ரெண்டாயிரம் போடறதுக்கு ஒரு சைபர் கூட அழுத்திட்டேன்மா. அந்தப் பதினெட்டாயிரத்தைத் திருப்பிப் போட்டுவிடு தாயி, ஆஸ்பத்திரிக் காசு.”

அவள் திருப்பிப் போடத்தான் இருந்தாள். கணக்கில் 12,000-தான் இருக்கிறது, மீதிக்கு என்ன செய்வது என்று என்னிடம் கடன் கேட்க வந்தாள்! முப்பதாயிரம் ஏறியிருந்தால் கணக்கில் எப்படிப் பன்னிரண்டாயிரம் இருக்கும் என்று கேட்ட பிறகுதான் நின்றாள். மெசேஜைத் திறந்து காட்டினேன். வங்கி அனுப்பியது போலவே எழுதியிருக்கிறது, ஆனால் வந்த இடம் சாதாரணப் பத்து இலக்க செல்போன் எண். வங்கி மெசேஜ் அப்படி வராது. அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும், இப்போது அதன் கடைசியில் ஒரு கோடு போட்டு எஸ் என்றோ டி என்றோ முடியும். விளம்பரம் என்றால் பி, அரசாங்கம் என்றால் ஜி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த ஏற்பாடு இது. மெசேஜை நம்பாமல் இருப்பது இன்னும் சுலபம். செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பார்த்தால் முடிந்தது.

அந்தப் பெண் அப்பாவுக்கு ஏன் முதலிலேயே போன் போடவில்லை என்று கேட்டேன். “அப்பா காசு விஷயத்த எங்ககிட்ட பேசமாட்டாருக்கா” என்றாள். எந்த வீட்டில்தான் பேசுகிறார்கள். அப்பாவுக்கு யார் தர வேண்டும், அப்பா யாருக்குத் தர வேண்டும் என்பது அவர் இறந்த பிறகு டைரியில்தான் தெரியவரும். அந்த இடைவெளிக்குள்தான் ஒருவன் ‘அப்பாவின் சிநேகிதன்’ என்று புகுந்துகொள்கிறான்.

இதைவிடப் பயங்கரமானது போலீஸ் அழைப்பு. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் சொன்னது. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு, எண் +92-இல் ஆரம்பிக்கிறது. அது பாகிஸ்தான் எண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கு +91-ம் ஒன்றுதான் +92-ம் ஒன்றுதான். படத்தில் நெஞ்சு நிறைய மெடலோடு ஒரு போலீஸ் அதிகாரி. உங்கள் மகனையும் நண்பர்களையும் ஒரு வழக்கில் பிடித்து வைத்திருக்கிறோம், பத்திரிகைக்குப் போகுமுன் ஐம்பதாயிரம் கொடுத்தால் மகனை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் மிரட்டல். பின்னணியில் ஒரு பையன் அழுகிறான். போஸ்ட்மாஸ்டருக்குக் கை கால் ஆடிவிட்டது. மகன் பெங்களூரில், போனை எடுக்கவில்லை. அப்புறம் காதைத் தீட்டிக் கேட்டால், “பாப்பா பசாவோ, பாப்பா பசாவோ” என்று அழுகிறதாம் குரல், ‘அப்பா, காப்பாத்துங்க’ என்பதை ஹிந்தியில். “ஜெராக்ஸு, என் மவனுக்கு ஹிந்தியில அழத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு அவனைப் பத்தாவதுல ட்யூஷனுக்கு அனுப்பப் போறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்று இரவு மகன் போனை எடுக்கும்வரை அவர் சாப்பிடவில்லை. பாகிஸ்தான் எண்களிலிருந்து வரும் இந்த மாதிரி வாட்ஸ்அப் அழைப்புகளைப் பற்றித் தொலைத்தொடர்புத் துறையே 2024 மார்ச்சில் எச்சரித்தது.

ஹிந்தியில் அழுகிற காலம் ரொம்ப நாள் ஓடாது. கோழிக்கோட்டில் 2023-இல் நடந்ததை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். பொதுத்துறை நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியர் போலவே ஒருவன் வாட்ஸ்அப்பில் பேசி, உறவினருக்கு அறுவை சிகிச்சை என்று 40,000 ரூபாய் கேட்டான். அவர் சந்தேகப்பட்டதும் வீடியோ காலிலேயே வந்தான். தெரிந்த அதே முகம், சில நொடிகள்தான். இவர் அனுப்பிவிட்டார். மறுபடி கேட்டபோதுதான் உறைத்து, நிஜ நண்பரை அழைத்துப் பேசி, புகார் கொடுத்தார். செயற்கை நுண்ணறிவால் செய்த முகம் என்றது போலீஸ். பணத்தை மீட்டும் கொடுத்தார்கள். குரலை நகலெடுக்க நீளமான பதிவெல்லாம் தேவையில்லை. நம் பிள்ளைகள் ரீல்ஸில் பேசுவதே போதும். ஆகவே “குரல் அவன் குரல்தான்க்கா” என்று யாராவது சொன்னால் அதை நான் இப்போது சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. முகமும் அப்படியே.

எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்த கதை வாட்ஸ்அப் கதை. ஒரத்தநாட்டில் இருக்கும் என் பெரியம்மாவின் எண்ணிலிருந்து குடும்பக் குழுவில் எல்லோருக்கும் தனித்தனியாக மெசேஜ்: “ஹாய், தவறுதலா உங்க போனுக்கு ஆறு நம்பர் கோட் வந்திருக்கும், அனுப்புங்க.” பெரியம்மா எழுதி நாங்கள் யாரும் பார்த்ததே கிடையாது. எல்லாம் வாய்ஸ்தான், அதுவும் பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெரியம்மா ‘ஹாய்’ என்றால்? ஆனாலும் என் தங்கை வீட்டுக்காரர் அந்தக் கோட் நம்பரை அனுப்பிவிட்டார். மாமியார் வீட்டுப் பெரியவர் கேட்டால் மருமகன் ஏன் என்று கேட்பாரா? பத்து நிமிஷத்தில் அவர் வாட்ஸ்அப்பும் போச்சு. அவர் எண்ணிலிருந்து அவர் அலுவலக ஆட்களுக்கெல்லாம், ‘அவசரம், 10,000 போடுங்க, காலைல தர்றேன்’ என்று போக ஆரம்பித்தது.

அந்த ஆறு இலக்கம்தான் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் சாவி. அதை எடுத்துக்கொண்டவன் உள்ளே போய் இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பரையும் போட்டுவிட்டால், சொந்தக்காரருக்கு ஏழு நாள் காத்திருப்புதான். ஆனாலும் உடனே நம் போனில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் கோட் நம்பரைப் போட்டுவிட வேண்டும். நமக்குத் திறக்காவிட்டாலும் அவன் வெளியே தள்ளப்பட்டுவிடுவான். அதைத்தான் செய்தோம். இருவரும் ஒரு வாரம் வாட்ஸ்அப் இல்லாமல் இருந்தார்கள். பெரியம்மா மட்டும் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார், காலை வணக்கம் படங்கள் வரவில்லையாம். அந்தப் பின் நம்பரை நாமே முன்கூட்டிப் போட்டு வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்டுக்குள் போனால் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் காசு வாங்காமல் செய்துகொடுக்கும் ஒரே வேலை இப்போது அதுதான்.

சரி, பணம் போய்விட்டது என்றால்? தையல்காரப் பெண் ஒருவருக்கு அது நடந்தது. “அண்ணி, போன் தண்ணில விழுந்துட்டு, இது புது நம்பர்” என்று கொழுந்தன் பெயரில் மெசேஜ், சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனின் படத்தோடு. இரண்டு தடவையாக 18,000 போட்டுவிட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது நிஜக் கொழுந்தனே வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டான், பொங்கலுக்கு வருவதைப் பற்றிப் பேச. ஓடிவந்தார்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போட்டோம். உடனே லைன் கிடைக்காது, விடாமல் போட வேண்டும். எடுத்தவர் தமிழில் பொறுமையாகவே பேசினார். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாருடைய யுபிஐ ஐடிக்கு, பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் என்ன என்று கேட்டார்கள். அந்த எண் ஜீபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் உள்ளே இருக்கும். அழுதுகொண்டிருக்கிறவரால் அதைத் தேட முடியாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். புகார் எண் வந்தது. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் மீதி விவரங்களையும் ஏற்றினோம்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் வேகம். பணம் ஒரு கணக்கில் உட்கார்ந்திருக்காது. யாரோ ஒரு கல்லூரிப் பையனிடம் ஐயாயிரத்துக்கு வாடகைக்கு எடுத்த கணக்கு, அங்கிருந்து இரண்டாக, நான்காக உடைந்து ஓடும். 1930-இல் சொன்னதும் அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். தையல்காரப் பெண்ணின் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். மீதியை நிறுத்த முடிந்தது. நிறுத்தியது தானாகத் திரும்பி வரவில்லை, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அலைந்து, கோர்ட்டில் மனுப் போட்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்தது. வங்கியில் போய்க் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவர் தலையில். தெரிவித்த பிறகும் போனால்தான் வங்கி தலையில். அதனால் 1930-க்குப் போடும்போதே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்வது நல்லது.

கடைச் சுவரில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கடை ஆரம்பித்த வருஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் “தாத்தா காலத்துக் கடையா?” என்றே கேட்டார். 1930-இல் எங்கே ஜெராக்ஸ் மெஷின் இருந்தது!

இந்தச் சங்கிலியில் எங்களைப் போன்ற கடைக்காரர்களும் மாட்டுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். “அக்கா, ஜீபே பண்றேன், கைல காசு குடுங்க” என்று வருகிறவர்கள் உண்டு. அந்த ஜீபே எங்கிருந்தோ திருடிய பணமாக இருந்தால் எங்கள் கணக்கும் முடங்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பழக்கடைக்காரரின் கணக்கு, யாரோ வாங்கிய பழத்துக்குப் போட்ட சில நூறு ரூபாய்க்காக முடங்கிக் கிடந்தது. அவர் எந்த ஊர் போலீஸுக்கு எழுதுவது என்று தெரியாமல் அலைந்தார், புகார் பதிவானது வேறு மாநிலத்தில். தெரியாத முகத்துக்கு நான் இப்போது ஜீபேக்குக் காசு கொடுப்பதில்லை. கஞ்சப் பேர் வந்திருக்கிறது, வரட்டும்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. என் அம்மாவுக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் கேட்டால் மறந்துவிட்டார். எழுதி ஒட்டிவைக்கிறேன் என்கிறார், ஃப்ரிட்ஜ் மேல். அதைவிட எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களின் வழக்கமான குறுக்கு விசாரணை மேல். வடசேரிப் பக்கம் ஓர் ஆயா இருக்கிறார். “அத்தே, நான் சின்னவன்” என்று வந்த அழைப்புக்கு, “வாப்பா சின்னவனே, அப்பா எப்புடி இருக்காரு, காலு வலி தேவலையா?” என்று கேட்டிருக்கிறார். “நல்லாருக்காரு அத்தே, இப்ப நடக்குறாரு.” “நடக்குறாரா! பத்து வருஷமா தெவசம் குடுத்துக்கிட்டிருக்கோமே, சொல்லவே இல்லியேப்பா” என்றாராம். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான். ஆயாவுக்கு அதுதான் வருத்தம், இன்னும் கொஞ்சம் பேச்சு மிச்சம் வைத்திருந்தாராம்.

கேட்கத் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வைத்துவிடு, பழைய நம்பருக்கு நீ போடு. அது எடுக்காவிட்டால் அதே வீட்டில் இன்னொருவருக்குப் போடு. அதற்கு எண்கள் போனுக்கு வெளியே எங்காவது எழுதியிருக்க வேண்டும், காலண்டர் அட்டையிலோ மளிகை நோட்டிலோ.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. நிஜமாகவே ஆபத்தில் இருப்பவனும் வேறொருவர் போனிலிருந்துதான் அழைப்பான். என் நாத்தனார் மகன் கோயம்புத்தூரில் வண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்து, தன் போன் நொறுங்கிப்போய், யாரோ ஒரு புண்ணியவான் போனிலிருந்து என் மாமியாருக்குப் போட்டான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் பாட்டியுடையது. “ஆயா, நான்தான் ஆயா, அடிபட்டுட்டு” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், “எத்தனை பேருடா இப்புடிக் கெளம்பியிருக்கீங்க” என்று மாமியார் வைத்துவிட்டார். மறுபடி போட்டான். எடுக்கவில்லை. ஆனால் வைத்த கையோடு அவர் ஒன்று செய்தார். மகளுக்குப் போட்டு, “உன் மவன் பேருல ஒருத்தன் அழுவுறான், அவன் எங்க இருக்கான்னு பாரு” என்றார். நாத்தனார், மகனின் அறை நண்பனைப் பிடித்து, அவன் தேடிப் போய், ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஆள் நின்றது.

பையனுக்குப் பெரிய வருத்தம். பொங்கலுக்கு வந்தபோது பாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார் அதற்காகக் கலங்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கட்சிதான் நானும். அவன் கேட்டது காசு இல்லை, கூட ஓர் ஆள் என்பது உண்மைதான், ஆனால் முதல் வாக்கியத்தில் அது யாருக்குத் தெரியும்? இப்போது வீட்டில் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். யாராவது அந்நிய எண்ணிலிருந்து அழைக்க நேர்ந்தால், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்டேஷன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தின் எண்ணை நாங்களே தேடி எடுத்து அழைப்போம். அதுவரை எத்தனை அழுதாலும் பைசா பேசக் கூடாது. நாத்தனார் மகனும் ஒத்துக்கொண்டான். அடுத்த நாள் மாமியார் சுட்ட பணியாரத்தையும் சாப்பிட்டான், உடைந்த தோளைக் காட்டிக் காட்டி இரண்டு தட்டு கூடுதலாகவே வாங்கினான்.